கைவிடாத ரிவால்வர்

டமார்!

சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தலிலிருந்து குருவிகள் கூட்டமாக எழும்பின.

யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழம் கறுக்கிற சமயத்தில் குருவி விரட்ட வெடி போடுவது அங்கே தினப்படி நடக்கிற வேலை.

ஒரு மூச்சு விடும் நேரம்... இன்னொன்று.

டமார்!

இதையும் குருவி வெடி என்றுதான் நினைத்தார்கள்.

பிறகு ஓர் ஆண்பிள்ளையின் அலறல் கேட்டது.

"அண்ணே..."

குருவி வெடிக்கு யாரும் அப்படி அலற மாட்டார்கள், கண்ணுகளா!

2004ஆம் வருஷத்து விஜயதசமிக் காலை அது. முதலில் ஓடியவள் மாயக்காள். ஒச்சாண்டி வீட்டில் வேலை பார்க்கிறவள். அன்றைக்குத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் கத்தரியோடு கிணற்று மேட்டுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மோட்டார் ரூம் வாசலில் அவள் முதலாளி ஒச்சாண்டி மல்லாந்து கிடந்தார். வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் ரத்தம். வலது கையில் அவருடைய பிஸ்டல்.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் தம்பி கர்ணன். அவனது இடது காது பிய்ந்து தொங்கியது. பக்கத்தில், புல்லில், அவனுடைய ரிவால்வர்.

"மாயக்கா... மதினியைக் கூட்டிட்டு வந்துராத" என்றான்.

கூட்டி வரத் தேவையில்லாமல் போயிற்று. நாகஜோதி அதற்குள் வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

ஒச்சாண்டியின் மனைவி. வந்து நின்றாள். அழவில்லை.

முதலில் அவள் புருஷனைப் பார்க்கவில்லை. பிஸ்டலைப் பார்த்தாள். ரிவால்வரைப் பார்த்தாள். மறுபடியும் பிஸ்டலைப் பார்த்தாள்.

அப்புறம்தான் விழுந்தாள்.

*

போலீஸ் ஸ்டேஷனில் போன் அடித்தது.

முந்தின நாள் ஆயுத பூஜை. ஜீப்பில் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடவில்லை. ரேக்கில் இருந்த துப்பாக்கிகளுக்கும், மூலையில் சாய்த்த லத்திகளுக்கும்கூடச் சந்தனப் பொட்டு.

போனை எடுத்த ஏட்டு அம்மாவாசி, கேட்டுவிட்டு மெதுவாக வைத்தார்.

"சார். சுருளிப்பட்டியில தம்பி அண்ணனைச் சுட்டுட்டானாம்."

இன்ஸ்பெக்டர் அழகர் நிமிர்ந்தார்.

"எந்த அண்ணன் தம்பி?"

"நாகஜோதியம்மா வீட்டுல சார். முந்தாநாள் இங்கன வந்து நின்னுச்சே... அந்தம்மா."

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முந்தாநாள் நாகஜோதி இதே மேஜைக்கு முன்னால்தான் நின்றாள். வீட்டில் இருக்கிற இரண்டு துப்பாக்கியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். கோடையில் எலக்‌ஷனுக்கு எல்லாருடைய லைசென்ஸ் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் வாங்கி வைத்தீர்களே, அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நாட்களில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றாள். எலக்‌ஷன் இல்லாமல் அப்படி வாங்க முடியாது, பண்டிகைப் பந்தோபஸ்து வேறு இருக்கிறது, பூஜை முடியட்டும், இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுகிறேன் என்று அழகர் அனுப்பிவைத்தார்.

பூஜை முடிந்தது.

ஒருவரைக் கூப்பிட்டால் இனி வரமாட்டார்!

*

ஜீப்பில் போகும்போது அம்மாவாசி அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்பா காலத்தில் ஏலக்காய் வியாபாரம். குமுளி மலைப்பாதையில் மூட்டையோடு இறங்கும்போது துணைக்கு ஒரு ரிவால்வர் வைத்திருந்தார். அவர் போன பிறகு அது சின்னவன் கர்ணனுக்கு வந்தது. பெரியவர் ஒச்சாண்டி விடுவாரா? புதிதாக ஒரு பிஸ்டல் வாங்கினார்.

அன்றிலிருந்து டீக்கடைக்குப் பொழுது போனது. எது ஒசத்தி? ரிவால்வரா, பிஸ்டலா?

"ஒன்னுது கட்டை வண்டிடா" என்பார் அண்ணன். "ஒவ்வொரு குண்டுக்கும் விரலு போட்டு இழுக்கணும். நம்மளுது அப்பிடியில்ல. ஒண்ணு போனா அடுத்தது தானா ஏறி உக்காந்துக்கிரும்."

"கட்டை வண்டி நடுரோட்டுல நிக்காதுண்ணே" என்பான் தம்பி. "ஒங்க காரு நின்னா தள்ளுறதுக்கு ஆளு தேடணும். எங்கப்பன் துப்பாக்கி ஒரு நாளும் கைவிடாது."

தம்பி சொன்னது போன வருஷம் பலித்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் தோட்டத்தில் காட்டுப்பன்றி புகுந்தது. ஒச்சாண்டி பிஸ்டலை நீட்டி அமுக்கினார்... சத்தமே இல்லை. பன்றி அவர் வேட்டியைக் கிழித்துக்கொண்டு காலுக்குள் புகுந்து ஓடியது. மதுரைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தால், பூஜைச் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்திருக்கிறது! துப்பாக்கிக் கடைக்காரர் சிரித்தார். கர்ணன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

ஒச்சாண்டி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து நாகஜோதியைத்தான் வைதார். இனிமேல் துப்பாக்கிக்கு மேலே ஒரு பொட்டு, அதோடு நிறுத்திக்கொள் என்றார்.

"அதுவரைக்கும் வெளையாட்டு சார்" என்றார் அம்மாவாசி. "அப்புறம் தண்ணி வந்துச்சு."

வந்தது என்று சொல்வதைவிட, தண்ணீர் போனது என்று சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் பொதுக் கிணறு. ஒரு நாள் அண்ணன் மோட்டார் போட்டால் மறுநாள் தம்பி. ஒச்சாண்டி கிணற்றுக்குள்ளேயே பக்கவாட்டில் போர் போட்டு, ஊறுகிற தண்ணீரை எல்லாம் தன் பந்தலுக்கு இழுத்துக்கொண்டார். கர்ணனின் கொடிகள் காய்ந்தன. அவன் ஒயரை வெட்டினான். கிணற்றுப் பக்கம் வந்தால் சுடுவேன் என்று அண்ணன் கடைத்தெருவில் வைத்துச் சொன்னார். என் இடுப்பில் இருப்பது மட்டும் பூச்செண்டா என்று தம்பி கேட்டான்.

பேச்சு நின்றது. போக்குவரத்து நின்றது.

நிற்காதது ஒன்று மட்டும்தான். வீட்டு இரும்பு எல்லாம் ஒரே பூஜையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் அப்பா வைத்துவிட்டுப் போன சொல். அதனால் ஆயுத பூஜை அன்றைக்குக் கர்ணன் அண்ணன் வீட்டுக்கு வந்தான். யாரிடமும் பேசாமல் பூஜை அறையில் ரிவால்வரை வைத்தான். கும்பிட்டான். போனான். விடிந்ததும் வந்து எடுத்துக்கொண்டான்.

அருவாள், மண்வெட்டி, திராட்சைக் கத்தரி, மோட்டார் ஸ்பானர்... நடுவில் ஒரே வாழையிலையில் பிஸ்டலும் ரிவால்வரும். மனிதர்கள் பேசாவிட்டாலும் துப்பாக்கிகள் இரண்டும் ஒன்றாகப் படுத்திருந்தன.

*

கிணற்று மேட்டில் கர்ணன் ஓடவில்லை. ஒளியவில்லை. அழகர் கேட்பதற்கு முன்பே சொன்னான்.

"இன்னைக்கு என் மொறை சார். மோட்டார் போட வந்தேன். அண்ணன் நின்னாக. போடாதடான்னாக. நான் கேக்கலை. எடுத்துச் சுட்டுட்டாக... காது போயிருச்சு. மறுபடி நீட்டுனாக சார். எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. நானும் எடுத்து அமுக்கிட்டேன்."

அவன் அண்ணனின் கையைக் காட்டினான்.

"அப்புறந்தான் பாத்தேன். அவுக துப்பாக்கி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிது. சிக்கிருச்சு சார். சிக்கிருச்சுன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் சார்..."

உண்மைதான். பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் போய்ப் பாதியில் நின்றிருந்தது. சுட்ட குண்டின் காலித் தோட்டா வெளியே விழாமல் இடுக்கில் மாட்டியிருந்தது. மோட்டார் ரூம் சுவரில், கர்ணன் நின்ற இடத்துக்குப் பின்னால், ஒரு குண்டு புதைந்திருந்தது.

முதலில் சுட்டவர் அண்ணன். உயிருக்குப் பயந்து சுட்டவன் தம்பி. இது நின்றால் கர்ணன் வெளியே வந்துவிடுவான். இது பொய் என்றால்... தூக்குக் கயிறு வரைக்கும் போகும்.

அவ்வளவுதான் கேஸ். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

"பிஸ்டலும் வேணாம், ரிவால்வரும் வேணாம் சார்" என்று முணுமுணுத்தார் அம்மாவாசி. "நம்ம லத்தி தேவலை. சிக்காது. வெடிக்காது. ரொம்பப் போனா முறியும்."

அழகர் முறைத்தார்.

*

மத்தியானம் தேனி ஆயுதப்படையிலிருந்து ஆர்மரர் இம்மானுவேல் ஸ்டேஷனுக்கு வந்தார். துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுது பார்க்கிறவர். ரிவால்வரில் மிச்சமிருந்த குண்டுகளை எடுத்துவிட்டு, உறையில் போட்டுத் தள்ளி வைத்தார். சுட வேண்டிய நேரத்தில் சுட்ட துப்பாக்கி. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

பிஸ்டலைத்தான் பிரித்தார்.

ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, ஊசியால் சுரண்டி, எதையோ கொட்டினார். மஞ்சளாய்ப் பொடிப்பொடியாய் விழுந்தது.

மணந்தது!

"சந்தனம்" என்றார் அழகர். "இவங்க வீட்டுல போன வருஷமும் இதே கூத்துதானே. பொட்டு வச்சது உள்ள வழிஞ்சிருக்கும்."

"வழிஞ்சது இல்ல சார் இது. அடைச்சது." இம்மானுவேல் இடுக்கியால் ஒரு நூல் அளவுத் துண்டைத் தூக்கிக் காட்டினார். "இது ஈர்க்குச்சி. சந்தனத்தைக் கெட்டியாக் குழைச்சு, வெளக்கமாத்துக் குச்சியால குத்தி உள்ள தள்ளியிருக்காக. குச்சி முறிஞ்சு உள்ளயே நின்னுருச்சு. பொட்டு வைக்கிறவுக யாரும் இப்பிடி வைக்க மாட்டாக."

"அப்ப முதல் குண்டு எப்படி வெடிச்சது?"

ஏற்கெனவே குழலில் ஏறியிருந்த குண்டு அது, சந்தனத்துக்குத் தப்பி எப்படியோ வெடித்துவிட்டது என்றார் இம்மானுவேல். பிஸ்டல் தன் குண்டின் உதையை நம்பி ஓடுகிறது. அந்த உதையில்தான் மேல்பாகம் பின்னால் போய், காலித் தோட்டாவைத் தள்ளி, அடுத்ததை ஏற்றிக்கொண்டு திரும்பும். வழியில் காய்ந்த சந்தனம் இருந்தால் பாதியில் நிற்கும். நின்றது.

அழகர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

யாரோ தெரிந்தே பிஸ்டலைக் கெடுத்திருக்கிறார்கள். சந்தனம் போட்டால் அது சிக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தானே, அவனுக்குத் தெரியும்!

மாயக்காளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பூஜை அன்றைக்குச் சாயந்தரம் சின்னவர் வந்தார். பூஜை அறையில் தனியாக நின்றார். ரொம்ப நேரம் நின்றார். நான் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோனபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று அழகர் கேட்டார்.

"பூஜை ரூம்ல தனியா என்னடா பண்ணுன?"

"சாமி கும்புட்டேன் சார்."

"அண்ணன்கூடப் பேச மாட்ட. அண்ணன் வீட்டுச் சாமிய மட்டும் அவ்வளவு நேரம் கும்புடுவியா?"

"அது எங்கப்பன் கும்புட்ட சாமி சார்" என்றான் கர்ணன். "அங்கன போயி நின்னா அழுகை வருது. நான் என்ன செய்ய."

அழகர் நம்பவில்லை. பிஸ்டலில் சந்தனத்தை அடைத்தான். மறுநாள் வேண்டுமென்றே மோட்டார் போடப் போனான். அண்ணனுக்குக் கோபம் வரட்டும் என்று நின்றான். அண்ணன் நீட்டினார். துப்பாக்கி சிக்கியது. இவன் நிதானமாகச் சுட்டான். உயிருக்குப் பயந்ததாவது ஒன்றாவது!

திட்டம் போட்ட கொலை.

கயிறு கர்ணன் பக்கம் ஓரடி நகர்ந்தது.

*

மறுநாள் காலையில் அழகர் சுருளிப்பட்டிக்குப் போனார். அவள் ஸ்டேஷனுக்கு வந்தது முந்தாநாளா, அதற்கும் முந்தின நாளா... எதுவாயிருந்தால் என்ன, கை கட்டி நின்ற பெண்ணுக்கு ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லலாம் என்றுதான் போனார். அந்த மனுஷனையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது, கண்ணுகளா.

துக்க வீடு. பெண்களுக்கு நடுவில் நாகஜோதி சுவரில் சாய்ந்திருந்தாள். அழகரைக் கண்டதும் எழுந்து பின்கட்டுக்கு வந்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிஸ்டல், சந்தனம், ஈர்க்குச்சி, மாயக்காள் சொன்ன சாட்சி.

"உங்க கொழுந்தன் தப்ப முடியாதும்மா. இன்னைக்கே கோர்ட்டுக்குக் கொண்டு போறோம். உங்க வீட்டுக்காரர் துப்பாக்கியைக் கெடுத்துட்டுத்தான் சுட்டிருக்கான்."

நாகஜோதி அவரையே பார்த்தாள்.

"தூக்குல போட்ருவாகளா?"

"போடலாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே ஒருத்தி ஒப்பாரியை நிறுத்தி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. நாகஜோதி கையைத் திருப்பித் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். நகத்தடியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

பேசாமல் இருந்தால் போதும். புருஷனைக் கொன்றவன் தொங்குவான்.

அவள் பேசினாள்.

"அவன் துப்பாக்கியப் பிரிச்சுப் பாத்தீகளா?"

"ரிவால்வரையா? அது நல்லாத்தானம்மா சுட்டிருக்கு. அதை எதுக்குப் பிரிக்கணும்?"

"பிரிச்சுப் பாருங்கய்யா" என்றாள். "நானும் வாரேன்."

*

ஸ்டேஷனில் உறையிலிருந்து ரிவால்வர் வெளியே வந்தது. இம்மானுவேல் பக்கத் தகட்டின் திருகைக் கழற்றினார். தகட்டைத் தூக்கினார்.

மணந்தது.

அதே சந்தனம்! குண்டு உருளையின் அடியில், சுத்தியல் விழும் இடுக்கில், விசைக்குப் பின்னால்... எல்லா இடத்திலும். நசுங்கி, மாவாகி, எண்ணெயோடு குழைந்து கிடந்தது. நடுவில் ஒரு துண்டு ஈர்க்குச்சி.

இம்மானுவேல் நெற்றியைத் துடைத்தார்.

"இவ்வளவு அடைச்சும் இது சுட்டிருக்கா?" என்றார் அழகர்.

"இது குண்டோட உதையை நம்பலை சார். விரலை நம்புது. இழுக்கிறவன் பலம்தான் இதுக்குப் பலம். கொஞ்சம் கடினமா இருந்திருக்கும். ஆனா உயிருக்குப் பயந்தவன் எவ்வளவு பலமா இழுப்பான்... சந்தனத்தை நொறுக்கிக்கிட்டுச் சுத்தியிருக்கு."

மேஜையின் மறுபக்கம் நாகஜோதி நின்றிருந்தாள். அன்றைக்கு நின்ற அதே இடம்.

"ரெண்டுக்கும் நாந்தாய்யா வச்சேன்" என்றாள்.

லாக்கப்பில் கர்ணன் எழுந்து கம்பியைப் பிடித்தான்.

"மதினி..."

"நீங்க வாங்கி வைக்கலை" என்றாள் அழகரிடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நான் எங்கிட்டுப் போவேன்? ரெண்டு பேரும் வெறிபிடிச்சு நிக்கிறாக. ஒளிச்சு வச்சா அடிச்சுக் கேப்பாக. போன வருசம் சந்தனம் எறங்கி அவுக துப்பாக்கி வெடிக்கலைல்ல... அதான் யோசனை வந்துச்சு. ரெண்டும் ஒரே எலையில கெடந்துச்சு. எல்லாரும் சாப்பிடப் போனப்ப ஒக்காந்து அடைச்சேன். சுத்தமா வேலை செய்யாதுன்னு நெனச்சேன். அமுக்கிப் பாத்துட்டு, ரெண்டு பேரும் அசிங்கப்பட்டு, வீட்டுக்கு வந்து என்னைய ரெண்டு அடி அடிப்பாக. அடிக்கட்டும்னு இருந்தேன்."

அவள் கம்பிப் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து, தாயில்லாத அந்தக் கொழுந்தனுக்குத்தான் தலை வாரினாள். சோறு ஊட்டினாள்.

"ரெண்டுக்கும் ஒரே அளவாத்தாண்டா வச்சேன் கர்ணா. ஒனக்குக் கொறைச்சு, அவருக்குக் கூட்டி வைக்கலை. ஓரவஞ்சனை பண்ணலைடா."

கர்ணன் கம்பியைப் பிடித்தபடியே கீழே சரிந்தான். காதுக் கட்டில் ரத்தம் கசிந்தது.

"இழுத்தப்ப கனமா இருந்துச்சு மதினி" என்றான். "என்னமோ தடுத்துச்சு. நான் பயத்துல இன்னும் பலமா இழுத்தேன்."

தலையைக் கம்பியில் முட்டினான்.

"கைவிடாது, கைவிடாதுன்னு ஊரெல்லாம் பீத்துனேனே... ஒரே ஒரு நாளு கைவிட்டிருக்கக் கூடாதா அந்தச் சனியன்!"

நாகஜோதி கம்பிக்குள் கையை விட்டாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவிழ்ந்து தொங்கிய காதுக் கட்டை இழுத்து முடிந்துவிட்டாள். அப்புறம் கையை வெளியே எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்து போனாள். அதற்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

*

அழகர் மேஜையில் உட்கார்ந்தார். கர்ணன் மேல் இருந்த 'திட்டம்' போய்விட்டது. இனி அவன் உயிருக்குப் பயந்து சுட்டவன்தான். கயிறு விலகிவிட்டது.

நாகஜோதியின் மேல் என்ன எழுதுவது? சாமி முன்னால் சந்தனம் வைத்தாள் என்றா? எந்தச் சட்டத்தில் அது குற்றம்?

பேனாவைத் திறந்தார். மூடினார். மேஜையில் இரண்டு துப்பாக்கிகளும் பிரித்துப் போட்டபடி கிடந்தன. ஸ்டேஷன் முழுக்கக் கோயில் மாதிரி மணந்தது.

"ஏட்டய்யா" என்றார் கசப்பாக. "ஊருல கடைசி வரைக்கும் முடிவாகாத வழக்கு. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. எதை நம்பலாம்? ரிவால்வரையா, பிஸ்டலையா?"

அம்மாவாசி மூலையில் சாய்ந்திருந்த லத்தியின் பொட்டைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"ரிவால்வர் வேலையை முழுசாச் செஞ்சிருச்சு சார். பிஸ்டல் பாதி செஞ்சுச்சு. அந்தம்மா வந்து இங்கன நின்ன அன்னைக்கு, சந்தனமே வைக்காமச் சிக்கி நின்னது நம்ம ஸ்டேஷன்தான்."